இரு செயலிகளை எதிரெதிரே நிறுத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

புதிய மேசைக்கணினி ஒன்றைப் பகுதி பகுதியாக வாங்கித் தாமே பூட்டவோ, கடையில் அசெம்பிள் செய்து வாங்கவோ திட்டமிட்டிருக்கும் மாணவர்கள், படத்தொகுப்பாளர்கள், கணக்கர்கள், விளையாட்டு ஆர்வலர்கள், சிறு அலுவலகத்தார் ஆகிய அனைவருக்கும்,

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. அடுத்துள்ள விண்டோஸ் 11, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கும் ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசைக்கும் முற்பட்ட செயலிகளில் மிகச் சிலவற்றையே ஏற்பதால், குறையின்றி உழைத்துக்கொண்டிருந்த கணினிகளைக்கூட மாற்றியாக வேண்டிய நிலை பலருக்கு வந்திருக்கிறது. மாற்றுவது என்று முடிவானதும் வீட்டிலும் அலுவலகத்திலும் முதலில் எழும் கேள்வி, இரு செயலிகளின் பெயர்களை அருகருகே எழுதி வைத்துக்கொண்டு இவற்றில் எது மேல் என்று கேட்பதாகவே இருக்கிறது. இம்மடல் அக்கேள்விக்கு விடை தர எழுதப்படவில்லை. எந்த வேலைக்கு என்பதைச் சொல்லாத வரை அக்கேள்விக்கு விடையே கிடையாது என்பதையும், அதற்கு ஒற்றை எண்ணால் விடை சொல்ல முயன்ற ஒவ்வொரு முறையும் வாங்குவோரே ஏமாந்தனர் என்பதையும் எடுத்துக்காட்டவே எழுதப்படுகிறது.

பேச்சு பொதுவாக நின்றுவிடாமல் இருக்க, 2023 ஜனவரியில் ஒரே மாதத்தில் விற்பனைக்கு வந்த இரு நடுத்தரச் செயலிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று இன்டெல் கோர் ஐ5-13400. மற்றொன்று ஏஎம்டி ரைசன் 5 7600. முதலாவதில் 10 கோர்கள், 16 த்ரெட்கள், அதிகபட்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவதில் 6 கோர்கள், 12 த்ரெட்கள், அதிகபட்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். கோர் என்பது கட்டளைகளைத் தனித்து நிறைவேற்றவல்ல முழுமையான ஓர் உள்ளகம். த்ரெட் என்பது அந்த உள்ளகத்தில் ஓடும் ஒரு கட்டளைத் தொடர். ஒரு கோரே இரு தொடர்களை ஒரே சமயத்தில் ஏற்று, ஒன்று காத்திருக்கும் நேரத்தில் மற்றொன்றை ஓட்டும் ஏற்பாடு இருப்பதால்தான் த்ரெட்களின் எண்ணிக்கை கோர்களின் எண்ணிக்கையை விஞ்சுகிறது. கோரை எண்ணுபவர் இன்டெலையும் கிகாஹெர்ட்ஸைப் பார்ப்பவர் ஏஎம்டியையும் தேர்ந்தெடுப்பர். இருவருமே தம் முடிவை எண்ணால் நிறுவிவிட்டதாக நம்புவர்.

கிகாஹெர்ட்ஸிலிருந்து தொடங்குவது முறை, ஏனெனில் இத்துறையின் பழைய மயக்கம் அதுவே. ஜான் ஹென்னசியும் டேவிட் பேட்டர்சனும் 1990இல் வெளியிட்ட கணினிக் கட்டமைப்புப் பாடநூல், ஒரு நிரல் ஓடி முடிய ஆகும் நேரத்தை மூன்று காரணிகளின் பெருக்கமாகக் கற்பிக்கிறது. நிறைவேற்ற வேண்டிய கட்டளைகளின் எண்ணிக்கை முதலாவது. ஒரு கட்டளைக்குச் சராசரியாகத் தேவைப்படும் கடிகாரத் துடிப்புகள் இரண்டாவது. ஒரு துடிப்பின் கால அளவு மூன்றாவது. பெட்டியின் மேல் அச்சிடப்படும் கிகாஹெர்ட்ஸ் இம்மூன்றில் கடைசியை மட்டுமே சொல்கிறது. 2000 மார்ச்சில் ஏஎம்டியும் இன்டெலும் இரண்டு நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸ் செயலிகளை அறிவித்தபோது உலகமே அந்தப் பந்தயத்தைக் கவனித்தது. அவ்வாண்டு நவம்பரில் வந்த இன்டெலின் பென்டியம் 4, பந்தயத்தில் தொடர்ந்து வெல்வதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. ஒரு கட்டளையை நிறைவேற்றும் பணியைப் பல சிறு கட்டங்களாகப் பிரித்து, முதற்கட்டளை இரண்டாம் கட்டத்துக்கு நகர்ந்ததும் அடுத்ததை முதற்கட்டத்தில் ஏற்றும் முறைக்குப் பைப்லைன் என்று பெயர்; கட்டங்கள் சிறுத்தால் துடிப்பைக் குறுக்கலாம், கிகாஹெர்ட்ஸ் உயரும். பென்டியம் 4இல் அக்கட்டங்கள் 20 ஆயின. 2004இல் வந்த பிரெஸ்காட் பதிப்பில் 31 ஆயின. ஆனால் நிரல்களில் கிளைப்பாதைகள் அடிக்கடி வரும். எந்தக் கிளையில் நிரல் செல்லும் என்று செயலி முன்கூட்டி ஊகித்தது தவறாகிவிட்டால், வரிசையில் ஏற்றிய கட்டளைகளை எல்லாம் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீண்டிருக்கும் அளவுக்கு இழப்பும் பெருகும். வெப்பமும் கட்டுக்கு அடங்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரில் இன்டெலே கைவிட்டது. 2006 ஜூலையில் அந்நிறுவனம் வெளியிட்ட கோர் 2 டுவோ, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டே 3.6 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய பழைய பென்டியம்களைப் பெரும்பாலான வேலைகளில் பின்தள்ளியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு செயலிகளுக்கு இடையில் கிகாஹெர்ட்ஸ் ஒப்பீடு ஓரளவு பொருள் தரும். வெவ்வேறு கட்டமைப்புகளுக்கு இடையில் தராது என்பது அன்றே நிலைபெற்ற முடிவு.

கிகாஹெர்ட்ஸின் இடத்தைக் கோர்களின் எண்ணிக்கை பிடித்துக்கொண்டது. இதன் எல்லையைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967லேயே சுட்டிக்காட்டியிருந்தார். ஒரு வேலையில் பலர் பங்கிட்டுச் செய்யக்கூடிய பகுதியும் ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டிய பகுதியும் இருக்கும். எத்தனை கோர்கள் சேர்ந்தாலும் இரண்டாம் பகுதி குறைவதில்லை என்பதே ஆம்டால் விதி எனப்படுகிறது. 80 விழுக்காடு பங்கிடக்கூடிய வேலையை எடுத்துக்கொண்டால், 4 கோர்களில் அது இரண்டரை மடங்கும், 8 கோர்களில் ஏறத்தாழ 3.3 மடங்கும், 16 கோர்களில் நான்கு மடங்கும் விரைவுபெறும். எண்ணற்ற கோர்களைக் கொடுத்தாலும் ஐந்து மடங்கைத் தாண்டாது. கோர் என்று எதை எண்ணுவது என்பதிலும் வழக்கு வந்ததுண்டு, அதுவும் சொல்வழக்கன்று, நீதிமன்ற வழக்கு. ஏஎம்டி 2011 அக்டோபரில் எட்டுக் கோர் செயலியாக விற்பனைக்குக் கொண்டுவந்த எஃப்எக்ஸ்-8150இல், இரண்டிரண்டு கோர்கள் ஒரு தொகுதியாக இணைந்து, தசம எண் கணக்கீட்டுக்கான அலகைத் தமக்குள் பகிர்ந்துகொண்டன. இதை எட்டுக் கோர் என்பது தகுமா என்று அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு, 2019இல் 1 கோடியே 21 லட்சம் டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

இன்றைய ஐ5-13400இன் 10 கோர்களும் ஒரே தரத்தவை அல்ல. அவற்றில் 6 மட்டுமே முழுத்திறன் கோர்கள். மீதி 4, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கோர்கள். 2021 நவம்பரில் வந்த 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் கையாளும் கலப்பு முறை இது. பெரியவை ஒவ்வொன்றும் இரு த்ரெட்களையும் சிறியவை ஒவ்வொன்றும் ஒன்றையும் ஓட்டுவதால் 16 என்ற கூட்டுத்தொகை வருகிறது. இதில் மறைப்பு எதுவும் இல்லை, நிறுவனமே தெளிவாக வெளியிடும் விவரந்தான். கடைப் பட்டியலில் மட்டும் அது 10 என்று சுருங்கிவிடுகிறது. முப்பரிமாணக் காட்சியை ரெண்டர் செய்வது போல எல்லாக் கோர்களுக்கும் பங்கிடக்கூடிய வேலையில் இந்தச் சிறு கோர்கள் மெய்யாகவே உதவுவதால் 13400 முந்துகிறது. ஒன்றிரண்டு த்ரெட்களின் விரைவை நம்பியிருக்கும் விளையாட்டுகள் பலவற்றில் 6 கோர் கொண்ட 7600 முந்துகிறது.

வாங்கத் திட்டமிடுவோர் தம் வேலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. இப்போதுள்ள கணினியிலேயே, காத்திருக்க வைக்கும் அந்த வேலையை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாட்டைப் பார்த்தால் போதும். இதில் ஒரு பொறி உண்டு: 8 த்ரெட் கொண்ட கணினியில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுமுட்ட உழைத்தாலும் மொத்தப் பயன்பாடு 12 அல்லது 13 விழுக்காடு என்றே காட்டும். அதைக் கண்டு செயலி சும்மா இருக்கிறது என்று முடிவுகட்டுவது தவறு. வரைபடத்தைத் தருக்கச் செயலிகளாக, அதாவது த்ரெட் த்ரெட்டாகப் பிரித்துக் காட்டும் அமைப்புக்கு மாற்றி, கூடவே ரேம், டிஸ்க், கிராஃபிக்ஸ் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஏதோ ஒன்றில் மட்டும் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் காத்திருப்புக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான். கணக்கு மென்பொருளும் உலாவியும் மட்டுமே ஓடும் அலுவலகக் கணினிகளில் அந்தக் கோடு பழைய சுழல்தட்டு வன்வட்டில் இருப்பதைக் காண்பது அரிதன்று. அங்கே 13400க்கும் 7600க்கும் இடையே விவாதிப்பது நேர விரயம்.

எண்ணிக்கைகளை நம்புவோரை மிகவும் குழப்பியது கேஷ் நினைவகம். செயலி 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது ஒரு துடிப்பின் நீளம் 0.2 நானோவினாடி. ரேமிலிருந்து ஒரு தரவு வந்துசேர ஏறத்தாழ 80 நானோவினாடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் 400 துடிப்புகள் வீணே கழிகின்றன. இந்த இழப்பைத் தவிர்க்க, அடிக்கடி தேவைப்படும் தரவுகளைச் செயலிக்குள்ளேயே சிறிய, மிக விரைவான நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடே கேஷ். அது மூன்று படிநிலைகளில் அமைகிறது. 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, தனக்கு முந்தைய 5800எக்ஸுடன் ஒப்பிட்டால் கோர்களின் எண்ணிக்கையில் சமம்; கிகாஹெர்ட்ஸில் 4.7க்குப் பதில் 4.5, அதாவது ஒரு படி கீழே. மூன்றாம் நிலைக் கேஷ் மட்டும், மேலே ஒரு சிலிக்கான் அடுக்கை ஒட்டியதால், 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக உயர்ந்தது. ரெண்டர் செய்வதில் இச்செயலி தன் முன்னோடியைவிடச் சற்றுப் பின்தங்கியது. விளையாட்டுகளில் அக்காலத்தின் முன்னணிச் செயலிகளோடு நேருக்கு நேர் நின்றது. ரெண்டரில் தரவு ஒழுங்காக அடுத்தடுத்து வருவதால் தேவைப்படப்போவதைச் செயலி முன்கூட்டியே எடுத்து வைக்க முடிகிறது. விளையாட்டிலோ ஆயிரக்கணக்கான பொருள்களின் நிலை நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால், கேஷ் பெரிதாக இருக்கும் அளவுக்கு ரேமுக்கு ஓடுவது குறைகிறது. கிகாஹெர்ட்ஸையும் கோரையும் மட்டும் பார்த்திருந்தவர் இச்செயலியை 5800எக்ஸின் தரம் குறைந்த நகல் என்றே எண்ணியிருப்பார்.

ஆகவே அளந்து பார்த்த மதிப்பெண்களை, அதாவது பெஞ்ச்மார்க் முடிவுகளை நாடுவது இயல்பு. அவற்றை வாசிப்பதற்கும் முறை உண்டு. சினிபெஞ்ச் என்பது மேக்சான் நிறுவனத்தின் முப்பரிமாண மென்பொருளிலிருந்து பிறந்த சோதனை. படத்தைச் சிறு கட்டங்களாக்கி எல்லாக் கோர்களுக்கும் பங்கிடுவதால் அதன் பல்கோர் மதிப்பெண், ரெண்டர் செய்வோருக்கு நல்ல சான்று, மற்றவர்க்குப் பெரும்பாலும் அலங்காரம். விளையாட்டுச் சோதனைகளில் கவனிக்க வேண்டியது வேறு. செயலிகளின் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்காகவே சோதனையாளர்கள் சந்தையின் மிக வலிய கிராஃபிக்ஸ் கார்டைப் பூட்டி, திரையின் நுணுக்கத்தைக் குறைத்து அளக்கின்றனர். அது சரியான ஆய்வுமுறையே. ஆனால் நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டைப் பூட்டி உயர் நுணுக்கத்தில் விளையாடுபவரின் கணினியில் எல்லை கார்டிலேயே எட்டப்பட்டுவிடுவதால், அட்டவணையில் தெரிந்த இடைவெளி அங்கே பெருமளவு மறைந்துபோகும். செயலியில் மிச்சம்பிடித்துக் கார்டில் போடுவதே அவருக்கு ஆதாயம். சோதனை மென்பொருள் எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பதும் முடிவைப் பாதிக்கலாம்: 2010இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் இன்டெல் செய்துகொண்ட உடன்பாட்டில், நிரலைச் செயலிக்கான கட்டளைகளாக மாற்றும் தன் கம்பைலர் பிற நிறுவனச் செயலிகளுக்கு அதே அளவு மேம்படுத்தலைத் தராமல் போகலாம் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

எந்தப் பொதுச் சோதனையிலும் எளிதில் அகப்படாத வேலைகளும் உண்டு. இன்றைய கேமராக்கள் பல, நிற விவரத்தை மிகுதியாகத் தக்கவைக்கும் 10 பிட் 4:2:2 வகையில் எச்.265 காணொளிகளைப் பதிவுசெய்கின்றன. 13400இல் உள்ள யுஎச்டி 730 கிராஃபிக்ஸ் பகுதி இவ்வகைக் கோப்புகளை வன்பொருளிலேயே விரித்துத் தரும். 7600இன் சிறிய கிராஃபிக்ஸ் பகுதிக்கு அத்திறன் இல்லை. அதனால் திருமணக் காணொளிகளை பிரீமியர் புரோவில் தொகுப்பவர் ஒருவருக்கு, விளையாட்டு அட்டவணையில் தோற்ற இன்டெல் செயலியே காலக்கோட்டில் தடங்கலின்றி ஓடும் துணையாகலாம். இதே செயலியின் எஃப் எழுத்து ஒட்டிய 13400எஃப் பதிப்பில் அந்த கிராஃபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருக்கும். சற்று மலிவு என்று அதை வாங்கியவர், தனி கிராஃபிக்ஸ் கார்டு பூட்டாவிட்டால் மானிட்டரில் படமே வராமல் விழிக்க நேரும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் 2025 முதல் 4:2:2 கோப்புகளையும் கையாள்வதால், அக்கார்டு வாங்கவிருப்போர்க்கு இக்கணக்கு மீண்டும் மாறும்.

மின்சாரமும் வெப்பமும் ஒப்பீட்டில் கடைசி வரியாக எழுதப்படுவது வழக்கம். தமிழ்நாட்டு வீடுகளுக்கு அது பொருந்தாது. பெட்டியில் 65 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தாலும் 13400 முழு வேகத்தில் 148 வாட் வரையும் 7600 இயல்பு அமைப்பில் 88 வாட் வரையும் எடுத்துக்கொள்ளலாம். ஐ9-13900கே போன்ற உச்சச் செயலியில் இவ்வெல்லை 253 வாட். குளிரூட்டிய அறைகளில் நடத்தப்பட்ட சோதனையை, மே மாதத்தில் 35 பாகை தாண்டும் அறைக்கு அப்படியே கொண்டுவர இயலாது. அறையின் கூடுதல் வெப்பம் ஏறத்தாழ அப்படியே செயலியின் வெப்பத்தில் ஏறும், எல்லையை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெட்டியோடு வரும் சிறு கூலர் போதுமா, எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பவற்றோடு, 600 விஏ என்று எழுதப்பட்ட பல யு.பி.எஸ்.கள் உண்மையில் தரக்கூடியது 360 வாட் அளவே என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விலையையும் செயலியின் விலையாக மட்டும் ஒப்பிடுவது பயனற்றது. 7600 பொருந்தும் ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 13400 பொருந்தும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில், மதர்போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. பழைய கணினியின் டிடிஆர்4 ரேமை எடுத்துப் பயன்படுத்தலாம் என்பது, 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு சிறிய ஆறுதல் அன்று. மறுபுறம் எல்ஜிஏ1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்னும் வேறு சாக்கெட் வேண்டும். ஏஎம்5 மதர்போர்டில் 7600ஐ எடுத்துவிட்டுப் பின்னர் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டியைப் பூட்ட முடியும், அச்சாக்கெட்டை 2027 வரையேனும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்தும் இருக்கிறது. எனினும் செயலியை இடையில் மாற்றும் பழக்கமே இல்லாதவர், எட்டாண்டு கழித்து மொத்தக் கணினியையும் தூக்கிப்போடுபவர், இந்த வசதிக்காக இன்று கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் இல்லை.

இறுதியாகக் கடையில் கேட்க வேண்டியவை சில. சென்னையின் ரிச்சி தெருவானாலும் ஊர்க் கடையானாலும், கொட்டேஷனில் ஐ5, 16 ஜிபி என்று மட்டும் எழுதித் தந்தால் அதை ஏற்கக் கூடாது. கோர் ஐ5 என்ற பெயர் 2009 முதல் புழங்குகிறது. அன்றைய ஐ5-750 நான்கு கோர் கொண்டது, பின்னாளில் வந்த ஐ5-14600கே பதினான்கு கோர் கொண்டது, பெயர்ப்பலகை மட்டும் ஒன்று. ஏஎம்டியிலும் ரைசன் 5 5500, ரைசன் 5 5600 ஆகியவை அடுத்தடுத்த படிகளாகத் தோன்றினாலும், முன்னதில் மூன்றாம் நிலைக் கேஷ் 16 மெகாபைட், பின்னதில் 32. கிராஃபிக்ஸ் கார்டு இணையும் தடமான பிசிஐஇயில் முன்னது 3.0 வரையே செல்லும், பின்னது 4.0 வரை. ஆகவே எழுத்தொட்டு உட்பட முழு மாதிரிப் பெயரையும், மதர்போர்டின் முழுப் பெயரையும், செயலி பெட்டியோடு நிறுவன உத்தரவாதத்தில் வருகிறதா அல்லது ட்ரே எனப்படும் உதிரியா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். 13, 14ஆம் தலைமுறை இன்டெல் உயர்நிலைச் செயலிகள் பலவற்றில் மின்னழுத்தம் அளவுமீறியதால் நிலையின்மை ஏற்பட்டு, இன்டெல் 2024 ஆகஸ்டில் திருத்தக் குறிநிரல் வெளியிட்டதோடு, அவற்றுக்கான உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டித்தது. அத்தலைமுறைச் செயலியை இன்று வாங்குவோர், கடையில் இருப்பில் கிடந்த மதர்போர்டின் பயாஸ் அத்தேதிக்குப் பிந்தையதா என்று பார்த்து, இல்லையேல் கடையிலேயே புதுப்பிக்கச் சொல்லி, அதன் பிறகே விண்டோஸை நிறுவச் சொல்ல வேண்டும்.